அம்மன் இந்தி பேசிய கொடை

பட்டப்பகலில் அம்மன் சந்நிதியில் விளக்கு எரிகிறது. வெயில் இத்தனை வெளிச்சமாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்ட ஒருவரையும் நான் தாராவியில் பார்த்ததில்லை. என் மகள் காலேஜுக்குப் போனாள். இது எதற்கு என்று கேட்காத ஒருவரையும் அந்த நாட்களில் நான் தாராவியில் பார்த்ததில்லை.

நான் எட்டாவது படித்தவன். அதையும் முழுதாக முடிக்காமல் பம்பாய்க்கு ரயில் ஏறியவன். செம்பூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. குடியிருந்தது தாராவியில், எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் நெருக்கியடித்துக் கிடந்த வரிசை வீடுகளில் ஓர் அறை. காலையில் குழாயடிச் சண்டைக்கு முன்னால் எழுந்து குளித்து, திருநீறு பூசி, தகரக் கூரை போட்ட எங்கள் அம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன். காய்ச்சலில் கிடந்தாலொழிய இது தவறியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை வைத்து என்னைச் சாமி நம்பாதவன் என்று சிலர் பேசினார்கள். பேசினவர்கள் கொடைக்குக் கொடை மட்டும் கோயில் பக்கம் தலை காட்டுகிறவர்கள்.

எங்கள் ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து ஊரில் இருந்த அம்மனுக்கு இங்கேயும் ஒரு கோயில் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் மே மாத வெயிலில் அவளுக்குத் திருவிழா, எங்கள் பேச்சில் கொடை. அதற்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள். இந்த வரி என்பது பணம் இல்லை. பணம் எவ்வளவு என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. வரி கொடுக்கிறவன் ஊரில் ஓர் ஆள். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் வரும், அவன் செத்தால் தூக்க ஊர் வரும். ஒருவனிடம் வரி வாங்க மாட்டோம் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தால், அம்மனுக்கு அவன் பிள்ளையே இல்லை என்று சொன்ன மாதிரி. அடித்து விரட்டுவதைவிட அது மோசம்.

என் மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள், திருடனிடம் கேட்கிற மாதிரி. பஸ்ஸில்தான் வந்தது. செம்பூரைத் தாண்டி டிராம்பே வரைக்கும் போகிற அந்த பஸ்ஸில் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிற படித்த பிள்ளைகள் ஏறுவார்கள். அதில் ஒரு தமிழ்ப் பெண், நெற்றியில் சின்னதாகத் திருநீறு, காட்டன் சேலை, நிற்க இடமில்லாத நெருக்கடியிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே வருவாள். ஒரு நாள் அவளைப் பார்த்து இரண்டு பேர் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் நின்றது நான் அம்மன் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. சுற்றி எத்தனை இரைச்சல் இருந்தாலும் எதிரே ஒன்றுதான். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது, தாயே, என் பிள்ளைக்கும் இதைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

மகள் மெட்ரிக்கில் நல்ல மார்க் வாங்கினாள். மாதுங்காவில் காலேஜில் சேர்த்தேன். வீட்டிலிருந்து நடை தூரம்தான். சேர்க்கும்போதே அறிவுரை தொடங்கிவிட்டது. மாதுங்காவில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வாசலில்தான் விழ வேண்டும். அதில் ஒன்றை நடத்திய மாஸ்டர் எனக்குப் பழக்கம். அவரே பி.ஏ. படித்தவர். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எதுக்கு சார் காலேஜெல்லாம்? லோயர், ஹையர் பாஸ் பண்ணிட்டு ஷார்ட்ஹேண்டும் எடுத்துட்டான்னா நானே ஆபீஸ்ல சேத்து விட்டுடறேன். டிகிரியை வச்சுண்டு என்ன பண்ணப் போறா, ஃப்ரேம் போட்டு மாட்டவா?" என்றார். அவருடைய டிகிரி அவர் தலைக்கு மேலே ஃப்ரேம் போட்டுத்தான் மாட்டியிருந்தது. அடுத்தவன் நினைத்ததை வேகமாக அடித்துக் கொடுக்கத் தெரிந்தால் போதும், நாமாக ஒன்றை நினைக்க வேண்டியதில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதைப் படித்த மனிதர் ஒருவர் சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தெருவில் அறிவுரை இல்லை, நேராகக் கேலிதான். காலேஜ் ராணி வருது, வழி விடுங்கலே என்பார்கள். டாக்டராகி நமக்கு ஊசி போடுமா என்று விசாரிப்பார்கள். அவள் கணிதம் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், கணக்கு படிக்கக் காலேஜ் எதற்கு, என் கடையில் ஒரு மாதம் உட்கார வையும், கால் கிலோ சீனிக்கும் அரைக் கிலோ பருப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வைக்கிறேன் என்றார்.

எனக்கும்தான் தெரியாது, அது என்ன படிப்பு என்று. ஒரு நாள் அவள் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்க ஓர் எண்கூட இல்லை. எல்லாம் எழுத்து, கோடு, வளைவு. இதில் எண் எங்கே என்று கேட்டேன்.

"எந்த எண்ணுக்கும் இது சரியா வரும்ப்பா. அதான் ஒண்ணையும் போடல" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாப் பேருக்கும் திரும்பிப் பார்க்கிற சாமிக்குத் தனியாக ஒரு பேர் கிடையாது என்று சின்ன வயதில் கோயிலில் ஒரு பண்டாரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் புரியாதது என் மகளின் பென்சில் முனையில் புரிந்த மாதிரி இருந்தது. இதைக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் சீனி எடை போடும் தராசைத் தூக்கி என் தலையில் வைத்திருப்பார். சொல்லவில்லை.

ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். தோல் கிடங்கு வைத்துப் பெரிய ஆளானவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டவர். அது குறையில்லை, என் அய்யாவுக்கு அதுவும் தெரியாது. ஆனால் என் அய்யா அதற்காக வெட்கப்பட்டார். இவர் அதை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் நாலு பேர் கூடினால் போதும், இதைத்தான் சொல்வார்:

"எங்கிட்ட ஒரு பி.ஏ. வேலை பாக்கான் வேய். நான் கைநாட்டு. அவன் எனக்கு டீ வாங்கிட்டு வாரான். படிப்போட லெச்சணம் அம்புட்டுத்தான்."

கூடியிருந்தவர்கள் சிரிப்பார்கள். தாங்கள் படிக்காமல் போனதற்கு யாரோ பரிசு கொடுத்த மாதிரி ஒரு சிரிப்பு. அதே பி.ஏ. பிள்ளைதான் விற்பனை வரி ஆபீசில் அவருக்காக இங்கிலீஷில் வாதாடுவான், அண்ணாச்சி வெளியே பெஞ்சில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் எப்போது வருவான் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆபீசுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்ற நானே இதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை டீக்கடையில் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

கேலியோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். மகள் இன்டர், அதாவது காலேஜில் இரண்டாம் வருஷம், படிக்கும்போது வேறு ஒன்று நடந்தது. எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள், பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டியவர்கள், நிற்க மாட்டோம் என்று அழுதார்கள். அந்த அக்கா போகிறாள், நாங்கள் ஏன் போகக் கூடாது என்று கேட்டார்கள். அவ்வளவுதான், சிரித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் கடுகடுவென்று ஆகிவிட்டது. ஒற்றைப் பிள்ளை போய் ஊர்ப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்றார்கள். அண்ணாச்சி என்னை நிறுத்தி, இன்டரோடு போதும், ஊர் வாயை அடக்கு என்றார். டிகிரி முடித்துத்தான் மற்றது என்றேன். பார்ப்போம் என்று போய்விட்டார்.

அந்த வருஷக் கொடை, மகள் இன்டர் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் வந்தது.

எங்கள் கொடையில் அம்மன் ஓர் ஆளின் மேல் இறங்கி வாக்குச் சொல்லும். அந்த ஆளைக் கோமரத்தாடி என்போம். இங்கே எங்கள் கோமரத்தாடி டாக்சி ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான், பகல் முழுக்க கிராக்கியோடும் போலீஸோடும் இந்தியில் மல்லுக்கட்டுகிறவர். கொடைக்கு முந்தின நாள் அவருடைய டாக்சி அண்ணாச்சியின் கிடங்கு வாசலில் வெகு நேரம் நின்றதாக என் மனைவி சொன்னாள். டாக்சி என்றால் எங்கும் நிற்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியக் கொடை. மேலே தகரம் காய்கிறது, கீழே பொங்கல் பானைகள் காய்கின்றன. ஊரிலிருந்து வரவழைத்த மேளம் காதைக் கிழிக்கிறது. கோமரத்தாடி கையில் வேப்பிலையும் கமுகம்பூவுமாக ஆடி வந்தார். ஒவ்வொருவராக நிறுத்தித் திருநீறு போட்டு, ஒருவனுக்கு மாடு வாங்கு என்றும் ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை தங்கும் என்றும் சொல்லிக்கொண்டே வந்தவர், என் முன்னால் வந்ததும் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். மேளம் நின்றது.

"ஏலே மகனே, ஆத்தா வந்திருக்கேன். ஒன் வீட்ல ஒரு பொட்டப்பிள்ளை படிப்பு படிப்புன்னு நிக்கி. எனக்கு அது ஆகலலே."

பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொய்யில்லை. வாசலில் நின்று தினம் கும்பிட்ட தெய்வம் ஊர் முன்னால் என் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது. அந்த நிமிஷம் அம்மன் நிறுத்து என்றிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். மகளைத் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பக்கம் என் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளிறிப் போய் நின்றாள். அப்போது அம்மன் மேலும் பேசியது.

"இந்த வருசத்தோட படிப்பை பந்த் பண்ணு. ஜல்தி ஒரு கல்யாணத்தை முடி. இல்லாட்டி வீட்ல பெரிய கட்பட் ஆயிரும், பாத்துக்க."

குழப்பம் வரும் என்பதைத்தான் அம்மன் இந்தியில் அப்படிச் சொன்னது. அந்த கட்பட்டை அதே குரலில் நான் முன்பே கேட்டிருக்கிறேன், மனைவியின் பிரசவத்துக்கு இவர் டாக்சியில் போகையில், மாகிம் பக்கம் வண்டி நின்றுபோனபோது. கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை இறக்கினேன். பயம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. என் அம்மனை யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்ற எரிச்சல் அது.

வாக்குச் சொன்ன அம்மனிடம் திருப்பிக் கேட்க எங்கள் பழக்கத்தில் இடம் உண்டு. மண்டியிட்டுக் கையைக் கூப்பிக் கேட்க வேண்டும். மண்டியிட்டேன்.

"தாயே, ஊர்ல நீ எங்கய்யாவுக்கு வாக்குச் சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். அப்ப ஒனக்கு இந்தி தெரியாதே தாயி."

கோமரத்தாடியின் உருட்டிய கண் ஒரு கணம் சாதாரணக் கண்ணாகி, அண்ணாச்சி நின்ற பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார்.

"என்ன ஓய் கேள்வி இது? அவளும் பம்பாய்க்கு வந்து வருசம் எத்தனையாச்சு? நாலு வார்த்தை படிச்சிருக்க மாட்டாளா?"

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன்" என்றேன். "ஊரை விட்டு வந்த இடத்துல ஆத்தாவே புதுசா ஒண்ணு படிச்சிருக்கா. ஆத்தா படிக்கலாம், அவ பிள்ளை படிக்கப்படாதா? தாயே, நீ எந்தக் காலேஜ்னு மட்டும் சொல்லு, எம் பிள்ளையையும் அங்கேயே மாத்திருதேன்."

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்திதான் சிரித்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அடக்க முடியாமல் அது பக்கத்தில் பரவியது. மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் தட்டிவிட, எல்லோரும் தட்டினார்கள். கோமரத்தாடி ஓங்கிக் கத்தி, வேப்பிலையை உதறி, எனக்குத் திருநீறு போடாமலே அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். சாமியைச் சோதித்தேன் என்று குற்றம். என்னை வாயைத் திறக்கவே விடவில்லை. அம்மன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், மகளை நிறுத்த வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அடுத்த கொடைக்கு என் வீட்டில் வரி வாங்குவதில்லை. கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குச் சிரித்தவர்களின் புருஷன்மார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அதுவரைக்கும் இந்தப் படிப்பு விஷயத்தில் என் பக்கம் என்று சொல்ல முடியாது. பிள்ளை படித்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று தெருப் பெண்களோடு சேர்ந்து அவளும் கவலைப்பட்டிருக்கிறாள். மகள்தான் முதலில் பேசினாள்.

"எப்பா, நான் நின்னுக்கிடுதேன். டைப்பிங் படிச்சு வேலைக்குப் போறேன். எனக்காவ ஊர் இல்லாமப் போவாண்டாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. ஒரு கணக்கைப் போட்டு விடை கண்டவள் மாதிரி சொன்னாள். என் பிணத்தைத் தூக்க ஆள் வராது என்பது எனக்குப் பெரிதில்லை, பம்பாயில் எதற்கும் ஆள் கிடைக்கும். அம்மன் வாசலில் வேற்றாளாக நிற்க வேண்டும் என்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனைவி அடுப்பை விட்டு எழுந்தாள்.

"நீ நின்னேன்னா அவன் சொன்னது சாமி வாக்குன்னு ஆயிரும்ட்டி. நம்ம ஆத்தா டாக்சிக்காரன் வாயில பேசினான்னு காலத்துக்கும் நெலச்சிரும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். நீ ஆத்தாளுக்காவப் போ."

இத்தனை படித்தவர்கள் இருந்த பம்பாயில், படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து ஒழுங்கான பதில் சொன்னவள் பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத என் மனைவிதான். அவள் படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பொய்யைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

இன்டரில் மகள் முதல் வகுப்பில் தேறினாள். பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அந்த வருஷம் முழுக்கத் தெருவில் எங்களுக்கு நல்ல அமைதி. யாரும் பேசவில்லை என்பதை நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்றால் அப்படிச் சொல்லலாம். நகரத்திலும் காலம் கெட்டுப் போயிருந்தது. தென்னிந்தியர்கள் ஆபீஸ் வேலையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லி அங்கங்கே கல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. படித்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள், அதனால்தான் கல் விழுகிறது, நம்மைப்போல் இருந்திருந்தால் யார் கேட்பார்கள் என்று டீக்கடையில் விளக்கினார். கல் விழுந்து கண்ணாடி உடைந்தது ஓர் இட்லிக் கடையில். அந்தக் கடைக்காரர் என் அளவுக்குக்கூடப் படித்தவரில்லை. கல்லுக்கும் படிப்பு கிடையாது, யார் எந்த நாற்காலி என்று விசாரித்துவிட்டு விழ.

மறுபடி மே மாதம் வந்தது. வரி வாங்குகிறவர்கள் சின்ன மேளத்தோடு வீடு வீடாக வந்தார்கள். மனைவி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வரியும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டில் மேளம் நின்றது, எங்கள் வாசலைத் தாண்டி நடந்தது, அடுத்த வீட்டில் மறுபடி நின்றது. அவள் தட்டைக் கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்றாள்.

அவள் வேறொரு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொடைக்குப் பெண்கள் முளைப்பாரி எடுப்பார்கள். வரி கொடுக்கிற வீடுகளுக்குக் கோயிலிலிருந்து விதை வரும். எங்களுக்கு வரவில்லை. அவளாகக் குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாவுக்குப் போய் ஒரு மண்சட்டி வாங்கி, எருமைக் கொட்டிலில் சாணி கேட்டு வாங்கி, கடையில் பயறு வாங்கி ஊறப்போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வெளிச்சம் படாமல் சாக்கு போட்டு மூடி வளர்த்திருந்தாள். ஓர் அறை வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு வயலே வளர்ந்திருக்கிறது. சாக்கைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் வெளுப்பாக, நெருக்கமாக, ஒரு முழ உயரத்துக்கு நின்றது. முளைப்பாரி நன்றாக வந்தால் அந்த வீட்டை அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. தெருப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவள் போய் மற்றவளிடம் சொன்னாள். ஆண்கள் பேசாமல் இருந்த வருஷத்தில் பெண்கள் அப்படித்தான் எங்களோடு பேசத் தொடங்கினார்கள்.

கொடையன்று மதியம் மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலையில் சும்மாடு வைத்து, சட்டியை ஏற்றினாள். யாராவது மறித்தால் என்ன செய்வது என்றேன்.

"மறிக்கட்டும், பாப்போம். தலையில இருக்கது ஆத்தா. வரி கொடுக்காதவன்னு அவளையும் சொல்லட்டும்."

தாயும் மகளும் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். கோயில் வாசலில் பெண்கள் சட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் எங்களைக் கண்டு முன்னால் வந்தார்கள். தலையில் இருந்ததைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. முளைப்பாரியைக் கைநீட்டி மறிக்க எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் தைரியம் வராது. அண்ணாச்சி அவர்களைப் பார்த்து ஏதோ முனகினார், அவரும் வரவில்லை. வரிசையில் ஓர் இடம் திறந்தது. பள்ளிக்கூடத்தை விட மாட்டேன் என்று அழுத மூன்று பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா ஒதுங்கி, "இங்கன வா மக்கா" என்று என் மகளுக்கு இடம் விட்டாள். போன வருஷம் முதலில் சிரித்தவள் அவள்தான் என்று மனைவி பிறகு சொன்னாள்.

கோமரத்தாடி ஆடிக்கொண்டு வந்தார். முளைப்பாரி எடுத்த ஒவ்வொருத்திக்கும் திருநீறு போட வேண்டும், ஒருத்தியை விட்டுப் போக முடியாது. என் மகள் முன்னால் வந்தார். மேளம் தானாகக் குறைந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முன்னால், தலையில் சுமையோடு நிற்கிற பிள்ளைக்கு அந்த வார்த்தை ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவளும் அதை அறிந்தவள்தான். ஆனால் தலை குனியவில்லை. சட்டி சாயாமல் நேராகப் பார்த்தாள். பஸ்ஸில் புத்தகத்தோடு நின்ற அந்தப் பெண் எனக்கு ஞாபகம் வந்தாள்.

கோமரத்தாடி அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். அத்தனை சட்டிகளும், அத்தனை கண்களும். வரிசையிலிருந்து ஒரு குரல், யார் என்று தெரியவில்லை, பணிவாகக் கேட்டது:

"ஆத்தா, இந்தப் பிள்ளைப் படிப்புக்கு ஒண்ணும் சொல்லலியா?"

அவர் கை திருநீற்றுக்குள் போய் வெளியே வந்தது. என் மகளின் நெற்றி நிறையப் பூசினார்.

"நல்லாருப்ப மகளே. நெனச்சது நடக்கும். போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் காலையில் ஒற்றை ஆள், மேளம் இல்லாமல், வரிக்கு வந்து வாசலில் நின்றான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மனைவி சாமி படத்தின் முன்னால் இருந்த தட்டை அப்படியே எடுத்து வந்து நீட்டினாள். வெற்றிலை காய்ந்து சுருண்டு போயிருந்தது. அதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டு போனான்.

அந்தக் கொடையில் நான் இன்னொன்றையும் கவனித்தேன். தொடங்கியதிலிருந்து மஞ்சள் நீர் ஊற்றி முடிகிற வரைக்கும் அம்மன் ஒரு வார்த்தைகூட இந்தி பேசவில்லை. அத்தனையும் அப்பழுக்கில்லாத எங்கள் ஊர்த் தமிழ். படித்தால் எதுவும் வராது என்று சொல்கிறார்கள். ஒரே வருஷத்தில் அம்மனுக்கு யாரோ உட்கார வைத்து நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.